கூம்புக்கு விட்ட துணி

டிப்பரின் பக்கத் தகட்டில் ஒரு காலும் பின்கதவின் விளிம்பில் ஒரு காலுமாக நின்று மாயா டேப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். கீழே நின்ற ரூபேஷ் அண்ணாந்து பார்த்து, "அக்கா, கூம்புக்கெல்லாம் துணி விட பேடா, வேணாம். மட்டமா பண்ணிடுங்க, போதும்," என்றான்.

மாயாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். லாரிக்குத் தார்ப்பாய் அளக்கிறவர்களுக்கு முதலில் தெரியவேண்டியது கூம்புதான். வண்டியின் நீளத்தையும் அகலத்தையும் யார் வேண்டுமானாலும் அளந்துவிடலாம். மண்ணோ ஜல்லியோ ஏற்றினால் நடுவில் மேடு கட்டும். அந்த மேட்டில் ஏறி இறங்கத் துணி வேண்டும். காலி வண்டியில் நின்றுகொண்டு இல்லாத மேட்டைப் பார்க்கத் தெரிந்தால்தான் அளக்கத் தெரிந்ததாக அர்த்தம். அந்தத் துணியை விடாமல் தைத்துக் கொடுத்தால் முதல் லோடிலேயே துணி எட்டாது, டிரைவர் ஆத்திரத்தில் இழுப்பான், வளையம் பிய்த்துக்கொண்டு வரும், திட்டு முழுக்கத் தைத்தவளுக்கு. பங்காருப்பேட்டையில் ஒரு கடையில் வேலை பழகிய காலத்தில் அப்படி வாங்கிய திட்டு இன்னும் அவள் காதைவிட்டுப் போகவில்லை. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையும் கழுத்தில் தொங்கும் அட்டையுமாக நிற்கிற இந்த மேனேஜருக்கு லோடைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

"மண்ணு ஏத்தினா கூம்பு கட்டுமே சார்?"

"கட்டாது அக்கா. எங்க லோடு மட்டமாத்தான் நிக்கும்."

அப்படியா, நிற்கட்டும் என்று விட்டுவிட்டாள். வண்டிக்காரர்கள் சொல்வதையெல்லாம் வேதமாக எடுத்துக்கொண்டிருந்தால் தங்கவயல் ஊரிகத்தில் இந்தக் கடையை எப்போதோ இழுத்து மூடியிருப்பாள். பொம்பளை லாரிமேல் ஏறுகிறாளே என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள்கூட இப்போது அவளைத் தேடித்தான் வண்டியை நிறுத்துகிறார்கள்.

வண்டியின் உட்புறம் கழுவி விட்டிருந்தது. இருந்தாலும் ஒரு வாடை. ஆஸ்பத்திரியில் தரை துடைத்தபிறகு வருமே, அதோடு துருவும் கலந்த மாதிரி. அடித்தகடு புது வண்டிக்குரியதாக இல்லை. அம்மைத் தழும்பு விழுந்த முகம்போலப் புள்ளி புள்ளியாக அரித்திருந்தது. பின்கதவைச் சுற்றிலும் கறுப்பு ரப்பர் பட்டை ஒட்டியிருந்தார்கள். மண் வண்டிக்கு யாரும் இப்படி ரப்பர் வைத்து அவள் பார்த்ததில்லை. எதற்கு என்று கேட்டாள். சிந்தக்கூடாது, இப்ப ரூல்ஸ் ரொம்ப ஸ்ட்ரிக்ட் என்றான். மாயாவுக்கு அவன்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

வராமல் எப்படி இருக்கும்? கோலார் தங்கவயலில் பிறந்தவர்களுக்கு மூடி என்றாலே புழுதிக்குத்தான். தங்கத்தைப் பிரித்து எடுத்துவிட்டு மில்லுக்காரர்கள் கொட்டிப்போன சயனைடு மண் மலை மலையாக நிற்கிறது. காற்றடிக்கிற மாதங்களில் அது கிளம்பி வந்து சோற்றிலும் தலையணையிலும் உட்காரும். தண்ணீர்க் குடத்தை மூடுவார்கள், குழந்தை முகத்தை மூடுவார்கள், பிணத்தைக்கூட இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றித்தான் எடுப்பார்கள். அந்த மண்ணில் மிச்சமிருக்கும் தங்கத்துக்காக யாரோ வந்து அள்ளப்போகிறார்கள் என்ற பேச்சு மாயா பாவாடை கட்டிய நாளிலிருந்தே உண்டு. ஆகவே சாம்பியன் ரீப்ஸ் பக்கம் பழைய மில் மைதானத்தைச் சுற்றித் தகரம் அடித்து, டிப்பர்கள் வரப்போகின்றன என்றதும் ஊரே அதைத்தான் சொன்னது. மண் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். எடுத்துத் தொலையட்டும், நம் மூக்காவது பிழைக்கும்.

கடைக்குள் வந்து ரகங்களை விரித்துக் காட்டினாள். வலைத் துணியை அவன் தொடவே இல்லை. கான்வாஸ் கனம், நனைந்தால் இரண்டு ஆள் வேண்டும். கடைசியில் இருப்பதிலேயே தடிமனான பிவிசி தார்ப்பாயை விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, இதுதான் என்றான். தையல் போடக்கூடாதாம், சூட்டில் ஒட்டவேண்டுமாம். ஊசித் துளைகூட இருக்கக்கூடாதாம். மாவாட்டம் இருக்கிற மண்ணாயிற்றே, ஊசித் துளையில் வரத்தானே செய்யும் என்று அவளும் தலையாட்டினாள். மேலே ஏறிக் கயிறு கட்டுவது வேண்டாமென்றும் முடிவாயிற்று. வண்டியின் இரண்டு பக்கமும் முன்னாலிருந்து பின்வரை கம்பி ஓடும். தார்ப்பாயின் ஓரத்து வளையங்கள் அந்தக் கம்பியில் வழுக்கிக்கொண்டு போகும், ஜன்னல் திரையைப் படுக்கப்போட்ட மாதிரி. ஒரு ஆள் பின்னாலிருந்து கயிற்றை இழுத்தால் மூடிக்கொள்ளும், முன்னால் தள்ளினால் திறந்துகொள்ளும்.

"நடுவுல தாங்கறதுக்கு வளைவுக் கம்பி போட்டுரட்டா சார்? தொங்காது."

"வேணாம் அக்கா. வளைவு வெச்சா தூரத்துலயே தெரியும். வண்டி வந்ததும் போனதும் தெரியக்கூடாது, அப்படி இருக்கணும்."

கிளம்பும்போது அவனே கேட்டான். மைதானத்தில் வண்டி மூடியைத் திறந்து மூட நம்பிக்கையான உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும், நிரந்தர வேலை, யாராவது இருக்கிறார்களா? மாயாவின் வாய் அவளைக் கேட்காமலே பேசிவிட்டது.

"எங்க வூட்டுக்காரரு கீறாரு சார்."

சித்தார்த் அப்போது பெங்களூருக்குப் போய்வந்துகொண்டிருந்தான். விடியுமுன் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலைப் பிடித்தால், அங்கே ஒரு கிடங்கில் நாளெல்லாம் பெட்டி தூக்கிவிட்டு, மகள் தென்றல் தூங்கியபிறகு வீடு வருவான். பத்தாவது படிக்கிற பெண்ணுக்கு அப்பா என்பவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் தெரிகிற ஆள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். போன மழைக்காலத்தில் ஒருநாள், உட்கார இடமில்லாமல் ரயில் வாசலில் நின்றபடியே தூங்கிவிட்டான். கை நழுவி வெளியே சாய்ந்தவனை யாரோ ஒரு மனுஷன் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப்போட்டார். பித்தான் அறுந்த அந்தச் சட்டையோடு வீட்டுக்கு வந்து, இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். மாயாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றுமுதல் அவள் எந்த ரயில் சத்தத்தையும் நிம்மதியாகக் கேட்டதில்லை. லைன் வீட்டுக்குப் பின்னால்தான் தண்டவாளம், ஆகவே கேட்காமலும் இருக்க முடியவில்லை. அவன் ரயிலைவிட்டு இறங்கவேண்டும். உயிரோடு, முழுசாக, கண்ணெதிரில் இருக்கவேண்டும். அவள் மனதில் அதற்குமேல் ஆசை எதுவும் இல்லை.

வேலை கிடைத்தது. சித்தார்த் அன்று மகளைத் தூக்கிச் சுற்றப் பார்த்து, முடியாமல், "இன்னாமே இது, அரிசி மூட்டையாட்டம் கீறே," என்று கீழே விட்டான்.

வெட்ட உட்கார்ந்தபோதுதான் மாயா அதைச் செய்தாள். ரூபேஷ் சொன்ன மட்டமான அளவைச் சாக்பீஸில் கோடு போட்டுவிட்டு, கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உலகத்தில் எந்த லோடு மட்டமாக நிற்கும்? நாளைக்குத் துணி எட்டாமல் போனால் அங்கே கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கப்போவது யார்? புது வேலை. உன் பெண்டாட்டி தைத்த லட்சணம் இதுதானா என்று அவனைத்தான் கேட்பார்கள். கோட்டுக்கு அந்தப்பக்கம், அகலத்தில் ஒரு முழம் தள்ளி இன்னொரு கோடு போட்டாள். அத்தனை வண்டிக்கும் அதே ஒரு முழம். ரூபேஷிடம் சொல்லவில்லை. கூம்பு கட்டியபிறகு அவனே வந்து கையெடுத்துக் கும்பிடுவான் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் வெட்டினாள்.

அதன்பிறகு கொஞ்ச காலம் அந்த வீட்டில் சந்தோஷம் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். சித்தார்த் இருட்டுமுன் வீட்டுக்கு வந்தான். மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று உட்கார்ந்து அவளிடமே கணக்குக் கற்றுக்கொண்டான். புத்தர் படத்துக்கு எதிரே பாயைப் போட்டால் படுத்த மாத்திரத்தில் தூங்கிப்போனான். மாயா ரயில் சத்தத்தை மறந்தாள். இருமல் மட்டும் கொஞ்சம் இருந்தது. தங்கவயலில் இருமாத மனிதரும் உண்டா என்று அதையும் விட்டுவிட்டாள்.

பக்கத்து டீக்கடை லவினாதான் முதலில் கேட்டது. லவினாவுக்கு ரோட்டில் போகிற ஆட்டுக்குட்டிகூட எந்த வீட்டுடையது என்று தெரியவேண்டும். டம்ளர் கழுவிய கையோடு வந்து நின்று, போய்க்கொண்டிருந்த டிப்பரைக் கண்ணால் காட்டினாள்.

"ஏன் மாயா, மண்ணு நம்மூர்லேர்ந்துதானே எடுக்கறாங்க?"

"ஆமா, இன்னா அதுக்கு?"

"அப்ப மூடிக்கினு வெளிய போவணும், காலியா உள்ள வரணும். இது தலைகீழா கீதே. உள்ள போவறப்ப டயரைப் பாரு, அமுங்கிக்கினு போவுது. வர்றப்ப துள்ளிக்கினு வருது."

மாயா பார்த்தாள். இத்தனை நாளும் அவள் கண் தார்ப்பாயைவிட்டு இறங்கியதில்லை; ஒட்டு விட்டிருக்கிறதா, வளையம் நழுவுகிறதா என்று தன் வேலையைத்தான் பார்த்திருந்தாள். இப்போது டயரைப் பார்த்தாள். லவினா சொன்னது சரி. பங்காருப்பேட்டைப் பக்கமிருந்து கனத்துக்கொண்டு வந்த வண்டி, சாம்பியன் பக்கம் மெதுவாக உருண்டு போயிற்று. ரோட்டில் மேடு வந்த இடத்தில் பின்கதவு ரப்பரின் ஓரத்திலிருந்து ஏதோ சொட்டியது. சொட்டு விழுந்த இடங்கள் வெயிலில் காய்ந்தபிறகும் மங்கலான மஞ்சளாகத் தெரிந்தன. டீக்கடை நாய் எழுந்துபோய் ஒன்றை முகர்ந்துவிட்டு, மூக்கை மண்ணில் தேய்த்துக்கொண்டே திரும்பி வந்தது.

அன்று சாயங்காலம் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "அங்க இன்னாங்க கொட்றாங்க?"

சித்தார்த் சோற்றைப் பிசைந்தான். "ஏதோ கம்பெனி சேறு. பழைய பள்ளத்தையெல்லாம் ரொப்பறாங்களாம். மேல மண்ணைப் போட்டு மூடிட்டா பூங்கா கட்டலாம்னு சொல்றாங்க."

"எந்தக் கம்பெனி?"

"நான் இன்னாத்துக்குக் கேக்கறேன்? கவரைத் தெறக்கணும், மூடணும். வாயைத் தெறக்கக்கூடாதுன்னு மொதோ நாளே சொல்லிட்டாங்க." அப்புறம், அவள் முகத்தைப் பார்க்காமல், "மறுபடியும் ரயிலுக்கு அனுப்பிடாத தாயே," என்றான்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அந்தச் சேறு டேங்கரில் வந்தால் ஊர் கேள்வி கேட்கும், டிப்பரில் வந்தால் மண் என்று ஊரே பதிலும் சொல்லிக்கொள்ளும் என்று எவனோ நன்றாகக் கணக்குப் போட்டிருக்கிறான் என்பது அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் குழம்பை ஊற்றினாள். பயத்தைவிட அவன் வீட்டில் இருப்பது பெரிதாகத் தெரிந்தது. இருமிக்கொண்டாவது கண்ணெதிரில் இருக்கிறானே என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

அடுத்த வாரம் ரூபேஷ் கடைவாசலில் ஜீப்பை நிறுத்தி, ஒரு தார்ப்பாயைச் சுருட்டி இறக்கினான். இரண்டு கைகளிலும் முழங்கைவரை ரப்பர் உறை போட்டிருந்தான். இஸ்திரி மடிப்பு இன்னும் கலையவில்லை, குரல்தான் கலைந்திருந்தது.

"இன்னாக்கா இது? கூம்பு பேடான்னு நான் சொன்னேனா இல்லியா?"

மாயா சுருளைப் பிரித்தாள். ஓரங்கள் புதிதாக, அவள் ஒட்டியது ஒட்டியபடி பளபளத்தன. நடுப்பகுதி வெளுத்து, தொட்டால் அப்பளம்போல நொறுங்கியது. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினாள். நடுவில் நீளவாக்கில், வண்டியின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை, சின்னச் சின்னத் துளைகள். சில இடத்தில் விரல் நுழையும்.

"லோடு மட்டமா நிக்கும்னு சொன்னேன். நீங்க பாட்டுக்கு அகலத்தை அதிகம் வெச்சிட்டீங்க. நடுவுல தூளியாட்டம் தொங்குது. வண்டி ஆடுறப்ப லோடுலயே முங்குது. எல்லா வண்டியும் இப்படித்தான்." மூச்சு வாங்கினான். "நனைஞ்ச துணி கம்பியில நகரவே மாட்டேங்குது. உங்க வீட்டுக்காரர்தான் பாவம், ஏணியில ஏறி நடுவுல தோளைக் குடுத்துத் தூக்கிப் பிடிக்கிறார். அப்பத்தான் டிரைவர் இழுக்க முடியுது. ஒவ்வொரு வண்டிக்கும்."

மாயாவின் கை தார்ப்பாயிலேயே இருந்தது. விரல் நுனி லேசாகக் காந்தத் தொடங்கியது.

"தோளைக் குடுத்தா?"

"வேற எப்படித் தூக்குவார்?"

"அந்த லோடு இன்னா சார்?"

ரூபேஷ் உறைகளைக் கழற்றாமலே ஜீப் கதவைத் திறந்தான். "அதிகமா இருக்கிறதை வெட்டிட்டு ஒட்டிக் குடுங்க அக்கா. தினம் ஒரு வண்டியா அனுப்பறேன். அதுவரைக்கும் அவரே சமாளிச்சுக்குவார்." உட்கார்ந்தபிறகு ஏதோ நினைத்துக்கொண்டவனாக, "நீங்களும் கையைக் கழுவிடுங்க," என்றான்.

கழுவினாள். லவினா கடைக் குழாயில் சோப்பு கரையக் கரையக் கழுவினாள். ஒரு முழம். தன் புருஷனுக்குக் கெட்ட பெயர் வரக்கூடாதென்று, யாரும் கேட்காமல், ஆசையாக விட்ட ஒரு முழம். அந்த ஒரு முழம்தான் அங்கே போய் நனைந்து, கனத்து, அவன் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. லோடு மட்டமாக நிற்கும் என்று ரூபேஷ் முதல் நாளே சொன்னான். தண்ணீர்தானே மட்டமாக நிற்கும்? குழந்தைக்குக்கூடத் தெரியும். புழுதி கண்ணை மறைத்த ஊரில் பிறந்தவளுக்குத் தோன்றவில்லை. கத்தரிக்கோலை எடுத்து வெட்டத் தொடங்கியவள், பாதியில் போட்டுவிட்டுக் கடையைச் சாத்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

சித்தார்த் வந்தபோது சட்டையைக் கழற்றச் சொன்னாள். என்ன அவசரம் என்று கிண்டல் செய்தான். பிறகு கழற்றினான். வலது தோளில் கையகலத்துக்குத் தோல் சிவந்து, ஓரத்தில் புளியம்பழத் தோல்போல உரிந்திருந்தது.

"எத்தினி நாளா கீது இது?"

"சுண்ணாம்பு பட்டாப்பல எரிச்சல், அவ்ளோதான். எண்ணெய் தடவினா அடங்கிடும். நீ மூஞ்சை அப்படி வெச்சுக்காத."

"நாளைக்குப் போவாதீங்க."

"போவாம?"

அந்த நேரம் பார்த்துப் பின்னால் ரயில் போயிற்று. பாத்திர அலமாரி அதிர்ந்தது. இருவரும் அது போய்முடியும்வரை காத்திருந்தார்கள். மாயா தோளைக் கழுவி எண்ணெய் தடவினாள். அவன் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, துணி அகலம் ஏன் அதிகமாயிற்று என்று ரூபேஷ் சார் கத்தினாரே, டேப்பு தப்பாகிவிட்டதா என்று கேட்டான். அவள் ஆமாம் என்றாள்.

காலையில் எழுந்ததும் அவனுடைய காக்கிச் சட்டையை வாளியிலிருந்து எடுத்துப் பிழிந்தாள். வேலைக்கென்று கொடுத்தது அந்த ஒன்றுதான். ராத்திரி ஊறவைத்து, காலையில் பிழிந்து, அரை ஈரத்தோடு போட்டுக்கொண்டு போவான். நேற்றுவரை அவசரத்தில் பிழிந்து உதறிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இன்று உதறவில்லை. முற்றத்துக் கொடிக்குப் பக்கத்தில் நின்று, தார்ப்பாயைப் பார்த்ததுபோலவே, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். வலது தோளில் சின்னச் சின்னத் துளைகள். அதே அளவு, அதே வரிசை. அந்தத் துளைகளுக்கு அப்பால் சயனைடு மலை வெளுப்பாகத் தெரிந்தது.

தெருமுனையில் டிப்பர் வந்து நின்று ஹாரன் அடித்தது. ஆளை ஏற்றிக்கொண்டு போக இப்போதெல்லாம் வண்டியே வந்துவிடுகிறது. பின்னால் அவள் ஒட்டிய தார்ப்பாய், ஓரத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல், நடுவில் தொய்ந்து கிடந்தது.

சித்தார்த் உள்ளேயிருந்து இருமிக்கொண்டே வந்து, கதவிடுக்கில் கையை நீட்டினான்.

"சட்டையைக் குடு மாயா. வண்டி நிக்குது."

மாயா சட்டைக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். துணி மெத்தென்று விலகிக் கொடுத்தது. அவளுடைய ஐந்து விரல்களும் தோள்பட்டை வழியாக வெளியே வந்து நின்றன. மறுபடியும் ஹாரன் அடித்தது. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அவள் தன் கையை வெளியே எடுக்கவில்லை.